நகரத்து ஆக்கள் கூத்துக்கு ஏன் வருகினம், மூண்டாம் கிழமையோட ஏன் காணாமல் போயினம்?

பண்ணைக்காத்து:
யாழ் மாநகர எல்லைக்குள்ள ஒரு கூத்து, நாட்டார் பாடல் குழு தொடங்கிற யோசனை இருக்கு. வங்கி, கச்சேரி (அரச கந்தோர்), ஆஸ்பத்திரி, கடை எண்டு வேலை பாக்கிற 20 - 40 வயசு ஆக்களைத்தான் சேர்க்க நினைக்கிறம். ரெண்டு விசயம் தெரிய வேணும். கையில போனும் காதில பாட்டும் இருக்கிற காலத்தில ஆக்கள் இதுக்கு உண்மையா ஏன் வருகினம்? வந்தவை ஏன் நிண்டுபிடிக்கினமில்லை? "பண்பாட்டைக் காக்க" எண்டு மட்டும் ஒருத்தரும் எழுதாதேங்கோ. அது நோட்டீசுக்கு நல்ல வசனம், ஒத்திகைக்கு ஆள் கொண்டு வராது.

சல்லரி:
முதல்ல, ஆள் குறையாத கூத்து எது எண்டு பாருங்கோ தம்பி. காத்தவராயன் கூத்து. அதுக்கு ஆள் தேடி ஒருத்தரும் அலையிறேல்லை. ஏனெண்டால் அது நேர்த்தி. பிள்ளைக்கு வருத்தம் வந்த இடத்தில மாரியம்மனுக்கு வைச்ச நேர்த்தி. சுகம் வந்தால் பிள்ளை பாலக் காத்தானாய் ஆட வேணும். அது மட்டுமில்லை, அந்தக் கூத்தின்ர கட்டமைப்பே ஆள் சேர்க்கிற கட்டமைப்பு. காத்தான் ஒரு பாத்திரந்தான், ஆனால் பிள்ளைப் பருவத்தில இருந்து விடிய கழுவேறுகிற வரைக்கும் ஒருத்தர் மாறி ஒருத்தர் எண்டு கனபேர் அந்தக் காத்தானை ஆடுவினம். முத்துமாரி, ஆரியமாலை, டாப்பர் மாமா எண்டு மற்றப் பாத்திரங்களையும் சேர்த்தால் ஒரு இரவுக்கு 20 - 30 பேருக்குக் காலில சலங்கை.

அதோட சிந்து நடை. ஒரே மெட்டுச் சாயல் திரும்பத் திரும்ப வரும், ஆட்டம் லேசான துள்ளுநடை. இசை படிக்காத ஒருத்தர் ரெண்டு மாசத்தில தன்ர பங்கைப் பிடிச்சிடுவார். பாக்கிற சனத்துக்கும் பாட்டுத் தெரியும், பிழைச்சால் முன்னுக்கு இருக்கிற ஆச்சி அடியை எடுத்துக் குடுப்பா.

குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் கத்தோலிக்கத் தென்மோடிக் கூத்தில கதை வேறை. அங்க நேர்த்திக்குப் பதிலாப் பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த சனம். எஸ்தாக்கியார், தேவசகாயம்பிள்ளை, மூவிராசாக்கள் எண்டு எந்தக் கூத்துப் போட்டாலும் அது அந்தக் கோயிலடி ஆக்களின்ர கூத்து. தகப்பன் ராசா வேசம் கட்டினவர் எண்டால் மகனுக்கு அந்த வரவு விருத்தம் (மேடைக்கு வரேக்க பாடுற பாட்டு) பாடமாகத்தான் இருக்கும். மாநகர சபை எல்லைக்குள்ளதான் இதெல்லாம் நடக்குது எண்டதைக் கவனியுங்கோ. நகரம் எண்டால் கூத்து இல்லை எண்ட நினைப்பே பிழை.

ஆக, உங்கட குழுவில நேர்த்தியும் இல்லை, பங்கும் இல்லை. அந்த ரெண்டும் செய்யிற வேலையை வேறை எது செய்யப் போகுது எண்டதுதான் கேள்வி. என்ர பதில்: பிற்பாட்டு.

வடலி:
பிற்பாட்டோ? பெடியள் வாறது மேடைக்கு அண்ணை. பின்னுக்கு நிண்டு பாட ஆர் வரப்போயினம்?

சல்லரி:
மேடைக்கு வந்தவர்தான் மேடை முடியப் போறவர். கொஞ்சம் கணக்குப் பாருங்கோ. ஒரு மணித்தியாலக் கூத்தில பாத்திரம் 8 - 10. 25 பேர் வந்தால் 15 பேருக்கு வேசம் இல்லை. முதல் நாளே வேசம் பிரிச்சால் அந்த 15 பேரும் ரெண்டாம் கிழமை வரமாட்டினம். மூண்டாம் கிழமை, வேசம் கிடைச்சவையில ரெண்டு பேருக்கு இடமாற்றம் வரும், ஒருத்தருக்குச் சோதினை வரும். அப்ப மாத்தி விட ஆள் இல்லை. உங்கட மூண்டாம் கிழமைக் கணக்கு இதுதான்.

மரபில அண்ணாவியார் (கூத்துப் பழக்கிறவர்) குரலையும் உடம்பையும் பாத்து ஆரம்பத்திலேயே ஆளைத் தெரிவு செய்து சட்டம் (அந்த வேசத்துக்குரிய பாட்டுப் படி) குடுப்பார். அது ஊருக்குச் சரி, அங்க வேசம் கிடைக்காதவரும் பந்தல் போட, விளக்குப் பிடிக்க, பிற்பாட்டுக்கு நிப்பார். நகரத்தில அப்பிடி இல்லை. அதாலை முதல் 4 கிழமையும் எல்லாரும் பிற்பாட்டு. வட்டமா இருந்து, கையில தாளம் போட்டு, எல்லாத் தருவையும் (கூத்துப் பாட்டையும்) எல்லாரும். 5ஆம் கிழமைதான் வேசம். அந்த நேரம் 25 பேருக்கும் முழுக் கூத்தும் வாயில இருக்கும், ஆர் போனாலும் ஆர் வந்தாலும் ஓடும்.

இன்னொண்டு. தென்மோடியில பிற்பாட்டு எண்டது "கோரஸ்" இல்லை. நடிகர் ஒரு அடி பாட, பிற்பாட்டுக்காரர் அதை முழுசா எடுத்துப் பாடி, இழுத்து, மத்தளத்தோட முடிச்சுக் குடுக்க வேணும். நடிகர் மூச்சு வாங்கிறதும் அடுத்த அடியை நினைக்கிறதும் அந்த இடைவெளியில. பிற்பாட்டு தளர்ந்தால் ராசா மேடையில ஓடிக் களைச்ச நாய் மாதிரி மூச்சு வாங்குவார். இந்தப் பொறுப்பை விளங்கப்படுத்தினால் பின்னுக்கு நிக்கிறது ஒருத்தருக்கும் குறைவாத் தெரியாது.

கண்டல்:
வயதில் மூத்தவன் என்ற உரிமையில் ஒரு சரித்திரக் குறிப்பு. நகரத்து ஆள் கூத்துக்கு வருவது இன்று நேற்றுத் தொடங்கிய பழக்கம் அல்ல. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) ஆகியவற்றை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்து, படித்த நடுத்தர வர்க்கம் அமர்ந்து பார்க்கும் அளவுக்குச் சுருங்கியது. அதில் ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். யாழ்ப்பாணத்தில் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் தென்மோடிக்கும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் தவக்காலப் பாஸ் நாடகத்துக்கும் நகரத்து இளைஞர்களைத் திரட்டியது. ஆக, கோயில் சார்ந்து வருபவர், படிப்புச் சார்ந்து வருபவர் என்று இரண்டு ஓடைகள் அறுபது வருடமாக ஓடுகின்றன. உங்கள் குழு இரண்டாவது ஓடையைச் சேர்ந்தது. முதலாவதைப் போல நடிக்கத் தேவையில்லை.

இடையில் அறுந்ததையும் சொல்ல வேண்டும். கூத்து இரவுக் கலை. ஊரடங்கு இருந்த வருடங்களில் இரவு என்ற ஒன்றே யாழ்ப்பாணத்தவரிடம் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே கிளம்பியபோது ஏடுகளும் உடுப்புப் பெட்டிகளும் பல வீடுகளோடு போய்விட்டன. இன்று முப்பது வயதில் இருப்பவர்களில் பலர் விடியும்வரை ஆடிய கூத்தை ஒருமுறையேனும் முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் வருவது நினைவைத் தேடி அல்ல. புதிதாக ஒன்றைப் பார்க்க. இதை மனத்தில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள். "உங்களுக்குத் தெரியும்தானே" என்று எதையும் தொடங்காதீர்கள்.

வடலி:
ஐயா சொல்லுறது சரி, ஆனால் மூண்டாவது ஓடை ஒண்டு இருக்கு. பள்ளிக்கூடம். தமிழ்மொழித் தினப் போட்டியில நாட்டுக்கூத்து, இசை நாடகம், வில்லுப்பாட்டு எல்லாம் இருக்கு. ஏ.எல். எண்ட உயர்தரத்தில நாடகமும் அரங்கியலும் பாடம் இருக்கு. நகரத்தில இப்ப 25 வயசில ஆடத் தெரிஞ்ச ஆள் எண்டால் பெரும்பாலும் அந்த வழியாலதான் வந்திருப்பார். போட்டியைக் குறை சொல்லுறது ஒரு பாசன்.

சல்லரி:
குறை சொல்லேல்லை, ஆனால் அது பழக்கிற பழக்கத்தைப் பாருங்கோ. குறிச்ச நிமிசத்துக்குள்ள முடிக்க வேணும் எண்டு பிற்பாட்டை வெட்டுவினம், தருவை ரெண்டாம் முறை பாடுறதை வெட்டுவினம், ஆட்டத்தை ரெண்டு மடங்கு வேகமாக்குவினம். நடுவருக்கு விறுவிறுப்பு. பிள்ளைக்கு மூச்சு முட்டும், பாட்டுக் கத்தலாகும். அந்தப் பிள்ளை பெரிசா வந்து உங்கட குழுவில சேர்ந்தால் முதல் வேலை வேகத்தை இறக்கிறது. அதுக்கே ஒரு மாசம்.

பழைய ஏட்டில பாட்டு நூற்றுக்கணக்கில இருக்கும். 60 நிமிசத்துக்கு எத்தினை தாங்கும்? நாலு அடித் தரு, ஒவ்வொரு அடிக்கும் நடிகருக்கு 10 செக்கன், பிற்பாட்டுக்கு 10 செக்கன், பிறகு ஒரு அரை நிமிச ஆட்டம். ரெண்டு நிமிசம் போகும். விருத்தம், வசனம், கட்டியகாரன் வரவு எல்லாத்துக்கும் 20 நிமிசம் ஒதுக்கினால் தரு 20தான். வெட்டுறதெண்டால் பாத்திரத்தோட வெட்டுங்கோ, ஒரு மந்திரி குறைஞ்சால் கதை சாகாது. அடியை வெட்டாதேங்கோ.

வடலி:
கணக்குச் சரி. ஆனால் போட்டி இல்லாட்டி அந்தப் பிள்ளை மத்தளச் சத்தமே கேட்டிருக்காது. அதிலை நான் மாறமாட்டன்.

நித்தியகல்யாணி:
ஆம்பிளையள் எல்லாரும் ராசா வேசத்திலயே நிக்கிறியள். பொம்பிளையளைப் பற்றி ஒரு வரி இல்லை. இப்ப நகரத்தில இப்பிடி ஒரு குழுவுக்கு முதல் பதியிறது அனேகமா நாங்கள்தான்.

நேரம் முதல் விசயம். ஒத்திகை 7 மணிக்குத் தொடங்கினால் புறநகரில இருந்து வாற பொம்பிளை வரமாட்டா. பஸ் இல்லை, ஓட்டோவுக்குக் குடுத்துக் கட்டாது. வேலை முடிய 4.45க்குத் தொடங்கி 6.45க்கு விடுங்கோ, இல்லாட்டி ஞாயிறு காலமை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாம் எண்டு வெளிப்படையாச் சொல்லுங்கோ. நாலு வயசுப் பிள்ளை தாளத்தோட விளையாடினால் ஒண்டும் குடி முழுகாது.

ரெண்டாவது சுருதி. கலப்புக் குழுவில முதல் உடைப்பு இங்கதான். ஆம்பிளையளுக்கு 1 - 2 கட்டை (சுருதி உயரத்தின்ர அளவு) சுகம், எங்களுக்கு 5 - 6. ஆர்மோனியக்காரர் தன்ர பழக்கத்துக்கு ரெண்டு கட்டையில பிடிச்சால் நாங்கள் கீழ சத்தம் வராமல் முணுமுணுப்பம், பிறகு "பொம்பிளையளுக்குக் குரல் இல்லை" எண்டு கதை. 4 கட்டையில வையுங்கோ. எங்களுக்குக் கொஞ்சம் இறக்கம், ஆம்பிளையளுக்கு ஏத்தம், ஆனால் தரு பெரும்பாலும் ஒரு ஸ்தாயிக்குள்ள நிக்கிறதால தாங்கும். மேல் ஷட்ஜத்தை (மேல் 'ச'வை) தாண்டிற விருத்தம் வந்தால் அதைப் பொம்பிளைக் குரலுக்குக் குடுங்கோ. மைக் இல்லாத காலத்து இசை நாடகக்காரர் இதை விட ஏத்தத்திலயும் நிண்டவை, கடைசி வரிசைக்குக் கேக்க வேண்டி. அப்ப முடிஞ்சது இப்ப முடியாதெண்டில்லை, பழக்கந்தான்.

மூண்டாவது, முதல் நாளே கூத்துக்குள்ள இறங்காதேங்கோ. பின்னல் கோலாட்டத்தில தொடங்குங்கோ. 12 பேர், நடுவில ஒரு 10 அடிக் கம்பு, கம்பின்ர உயரத்தைப் போல ஒண்டரை மடங்கு நீளத்தில 12 கயிறு, ரெண்டு நிறம். ஆறு பேர் வலஞ்சுழி, ஆறு பேர் இடஞ்சுழி, ஒருத்தருக்கு வெளியால ஒருத்தருக்கு உள்ளால. பின்னின அதே எண்ணிக்கைக்கு மறுபக்கம் சுத்தினால் அவிழும். ஒராள் ஒருக்கா உள்-வெளி மாறினால் அந்த இடத்தில முடிச்சு விழும், அவிழ்க்கேக்க எல்லாரும் நிப்பம். பிழை ஆற்றை எண்டு எல்லாருக்கும் தெரியும், சிரிப்பும் வரும். நடிப்பு வேண்டாம், குரல் வேண்டாம், ஆனால் ஒருத்தர் வராட்டி 11 பேராலயும் பின்ன ஏலாது. ஆக்கள் அடுத்த கிழமை வாறதுக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

பண்ணைக்காத்து:
அக்கா, 12 பேரில ஒருத்தர் வராட்டி அண்டைக்கு என்ன செய்யிறது?

நித்தியகல்யாணி:
10 ஆக்குங்கோ. ரெண்டு நிறத்திலயும் ஒவ்வொரு கயிறைக் கழட்டிக் கம்போட கட்டிவிடுங்கோ. மிஞ்சின ஆள் பாட்டு. ஒற்றை எண் மட்டும் சரிவராது.

சோளகம்:
நாட்டார் பாடல் எண்டும் எழுதியிருக்கிறியள், அதைப் பற்றிக் கொஞ்சம். அம்பாப் பாட்டு (கடலில வலை இழுக்கேக்க பாடுறது), அரிவு வெட்டுப் பாட்டு (நெல் வெட்டேக்க பாடுறது) ரெண்டும் வேலையோட பிறந்தது. கரைவலை இழுக்கிறது ஒரு பெரிய கூட்டம், ரெண்டு கயிறு. ஒருத்தர் அடி எடுக்க மற்றவை "ஏலேலோ" எண்டு வாங்கிற நொடியில எல்லாற்றை பாரமும் ஒண்டாக் கயிறில விழ வேணும். பாட்டின்ர வேலை அதுதான். வடமராட்சி கிழக்கில இப்ப கயிறை உழவு மிசின் வின்ச் இழுக்குது. வயலில வெட்டு மிசின். வேலை போனாப் பிறகு பாட்டு நிக்க இடமில்லாமல் மேடைக்கு வந்தது.

மேடையில அது ஏன் செத்துப்போய்க் கேக்குது எண்டால், வரிசையா நிண்டு கையைக் கட்டிக்கொண்டு பாடுறதாலை. பின்னால கீபோட், ஒக்டபாட் வேறை. அம்பாவை நீங்கள் மெட்டாப் பழக்காதேங்கோ. 30 அடிக் கயிறு ஒண்டு எடுங்கோ, ஒரு நுனியில மண் மூட்டை மூண்டு கட்டுங்கோ, பத்துப் பேர் இழுங்கோ. மூச்சு எங்க விழுகுது, "ஏலேலோ"வில எந்த எழுத்து நீளுது எண்டு உடம்பு சொல்லித் தரும். சீமெந்து நிலம் எண்டால் மூட்டைக்குக் கீழ சாக்கு விரியுங்கோ, இல்லாட்டிக் கிழிஞ்சு மண் கொட்டும். கையுறை போடாதேங்கோ, வழுக்கும்.

கணினிக்கு முன்னால நாள் முழுக்க இருக்கிற ஆளுக்கு இந்த அரை மணித்தியாலம் என்ன செய்யுமெண்டு நான் சொல்லத் தேவையில்லை. உங்கட "ஏன் வருகினம்" கேள்விக்குப் பாதிப் பதில் தோள்மூட்டில இருக்கு.

தொண்டைமானாற்றான்:
பறையையும் சேர்க்கிற யோசனையோ? அதுக்குத்தான் இப்ப பெடியள் கூட வருகினம்.

இடந்தலை:
வருகினம், ஆனால் எந்தப் பறைக்கு எண்டு கேளுங்கோ. பட்டறையளில அனேகமாப் பழக்கிறது தமிழ்நாட்டுப் பறை. மூண்டு மரத் துண்டைப் பொருத்தின வட்டச் சட்டம், ஒரு பக்கம் தோல், ஒரு கை அடிக்குச்சி, மறுகை மெல்லிய நீளச் சிம்புக்குச்சி. எங்கட பறை அது இல்லை. ரெண்டு பக்கமும் தோல் கட்டின மரக் குடம், உடம்பில கட்டித் தொங்கவிட்டு அடிக்கிறது. சொற்கட்டும் வேறை, சத்தமும் வேறை. முன்னையது ஆடிக்கொண்டு அடிக்கச் சுகம், பாரமில்லை, வீடியோவில பாத்துப் பழகலாம். அதாலை பரவினது. ரெண்டையும் பழகிறதில ஒரு குற்றமும் இல்லை, ஆனால் தமிழ்நாட்டுச் சட்டப் பறையைத் தூக்கிக்கொண்டு "யாழ்ப்பாணத்துப் பறை" எண்டு நோட்டீஸ் அடிக்காதேங்கோ.

அடுத்தது சங்கடமான விசயம், எண்டாலும் எழுத வேணும். இங்க பறை செத்தவீட்டோடயும் ஒரு சமூகத்தின்ர தலையில கட்டின ஊழியத்தோடயும் கிடந்த வாத்தியம். அந்த வீடுகளில இருந்து கன பெடியள் அதை விட்டது மானத்துக்காக. நகரத்து மாணவர் அதை எடுக்கிறதும் அந்த அவமானத்தை எதிர்க்கத்தான் எண்டு சொல்லினம். ரெண்டும் நியாயம். ஆனால் சொல்லிக்குடுக்க ஒரு மூத்த கலைஞரைக் கூப்பிட்டால் அவருக்குக் கதிரை, சம்பளம், நோட்டீசில பேர், மூண்டும் மற்ற ஆசிரியருக்குக் குடுக்கிற மாதிரியே குடுங்கோ. பொன்னாடை போத்திப் படம் எடுத்து வெறுங்கையோட அனுப்பிற வேலை வேண்டாம். அவர் வர விருப்பமில்லை எண்டால் ஏன் எண்டு கேட்டு நெருக்கவும் வேண்டாம்.

பண்ணைக்காத்து:
இதை எழுதினதுக்கு நன்றி அண்ணை. தோல் வாத்தியங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கோ. முதல்ல என்ன வாங்கிறது?

இடந்தலை:
4 கட்டை எண்டு நித்தியகல்யாணி சொன்னதை ஒத்துக்கொண்டால் அதுக்கு ஏத்த வாத்தியம் வேணும். மத்தளம் கிடைக்காமல் மிருதங்கம் பாவிக்கிறதெண்டால் 22 அங்குலம் எடுங்கோ. 24 அங்குலம் 1 - 2 கட்டைக்கு. நீட்டு மிருதங்கத்தை விளிம்பில தட்டித் தட்டி 4க்கு ஏத்தினால் சத்தம் தகரமாகும், ஒரு மாசத்தில வலந்தலை (வலப்பக்கத் தோல்) வெடிக்கும். ஒரு வாத்தியம் அரைக் கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை ஏறி இறங்கும், அவ்வளவுதான்.

மாரியில, ஐப்பசி கார்த்திகையில, தோல் ஈரம் குடிச்சுச் சுருதி இறங்கும். அப்ப இழுத்துப் பிடிக்க வேண்டாம். இறங்கின சுருதியிலயே ஒத்திகையைப் பாருங்கோ. மாரியில இறுக்கின வாத்தியம் தை, மாசியில காயேக்க தானா இறுகிக் கிழியும். சட்டப் பறை எண்டால் நெருப்புக் காட்டலாம். காவோலை ரெண்டு மூண்டு போதும், ஒரு அடி தள்ளிப் பிடிச்சு, சுத்திக்கொண்டே இருக்க வேணும். ஒரு இடத்தில நிறுத்தினால் அந்த இடம் பொரிஞ்சு ஓரத்தில விடும். மிருதங்கத்துக்கு நெருப்புக் காட்டிப் போடாதேங்கோ, கரணை (தோலில ஒட்டின கறுப்புப் பசை) உதிரும்.

சலங்கை, ஒரு காலுக்கு 25 - 30 மணி தொடக்கத்துக்குக் காணும். கடைசி ஒரு மாசத்தில கட்டுங்கோ. முதல் நாளே கட்டினால் பிற்பாட்டே கேளாது. பிந்திக் கட்டினால் கால் பாரம் பழகாமல் மேடையில தடுமாறும். சீமெந்து நிலத்தில வெறுங்காலோட குதிக்கிறதும் கூடாது, குதி உளைவு வந்துதான் கனபேர் சொல்லாமல் கொள்ளாமல் நிப்பினம். பிளைவூட் பலகை ரெண்டு மூண்டு போட்டு அதுக்கு மேல பாய். கம்பளம் வேண்டாம், கால் சிக்கும்.

வடலி:
குதி உளைவு எண்டதை நான் யோசிக்கவே இல்லை. சனம் "பிஸி" எண்டுதான் சொல்லும்.

சல்லரி:
ஒலிபெருக்கிக்குப் பொலிசில அனுமதி எடுக்கிறது, அரங்கேற்றத் திகதி, இதெல்லாம் இப்ப வேண்டாம். ஆனால் ஒரு திகதி கட்டாயம் குறியுங்கோ. திகதி இல்லாத ஒத்திகை ரெண்டு மாசத்துக்கு மேல ஓடாது. கிழமைக்கு ரெண்டு நாள், ரெண்டு மணித்தியாலம், மூண்டு மாசம்; ஏறக்குறைய 50 மணித்தியாலம் வரும். சிந்து நடைக் கூத்து ஒண்டுக்கு அது போதும். தென்மோடிக்குக் காணாது, ஆறு மாசம் வையுங்கோ. மாரி முடிய, தையில தொடங்கினால் ஆனி ஆடியில வெளியில திறந்த வெளியில போடலாம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில வைக்காதேங்கோ, உங்கட ஆக்கள் எல்லாரும் கோயிலடியில நிப்பினம், வெளிநாட்டில இருந்து வந்த சொந்தங்களோட.

பண்ணைக்காத்து:
சரி. கோலாட்டக் கயிறில தொடங்கிறம், 4 கட்டை, 5ஆம் கிழமை வேசம். மிருதங்கம் ஒண்டு இரவலுக்குக் கிடைச்சிருக்கு, 22 அங்குலம். அதின்ர இடந்தலைக்கு (இடப்பக்கத் தோலுக்கு) ரவைப் பசை போடுறதெண்டு தெரியும். ஒத்திகை முடிய அதை அப்பிடியே விடலாமோ, அடுத்த நாளைக்கும் தேவைதானே?

இடந்தலை:
விடக்கூடாது. அண்டைக்கே வழிச்சு, ஈரத் துணியால துடைச்சு, காயவிட்டு உறையில போடுங்கோ. விட்டால் ரவை புளிச்சுத் தோல் நாறும், எலி மணம் பிடிச்சு வரும். ஒரு இரவு காணும் அதுக்கு. வழிக்கிறதுக்கெண்டு ஒரு ஆளை இப்பவே சொல்லி வையுங்கோ, வாசிக்கிறவரை இல்லாமல் வேறை ஒருத்தரை. வாசிச்சவர் எப்பவும் முதல் ஓட்டோவில போயிடுவார்.